மீண்டும் எழுந்த முழக்கம்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, சன் பிரான்சிஸ்கோ நகரில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆந் திகதி ஓர் இசைவிழா நடைபெற்றது. கலைந்து போய்ப் பல ஆண்டுகள் கழிந்த குழுக்கள் அன்று ஒரே மேடையில் ஏறின. தம் வாத்தியங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர்கள் மறுபடியும் அவற்றைத் தோளில் மாட்டிக் கொண்டனர். காரணம் ஒன்றே. சக் பில்லி என்னும் பாடகருக்கு நெஞ்சறையில், இருதயத்தை அடுத்தாற்போல், புற்றுநோய்க் கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. அவருடைய சிகிச்சைக்குப் பணம் வேண்டும். தோழர்கள் கூடினர், பாடினர், பணம் திரட்டினர். அதே வேளையில் சக் ஷுல்டினர் என்ற இன்னொரு கலைஞரும் மூளையில் ஏற்பட்ட கட்டியினால் நலிவுற்றிருந்தார். அவருக்காகவும் அன்று பலர் மனமிரங்கினர். ஷுல்டினர் அவ்வாண்டு டிசம்பரிலே காலமானார். பில்லி பிழைத்தார். பிழைத்தது மட்டுமன்று, ஏழாண்டுகள் கழித்துத் தம் பழைய தோழர்களோடு ஒரு புதிய இசைத்தட்டையும் வெளியிட்டார். 'தி ஃபோர்மேஷன் ஒஃப் டாம்னேஷன்' என்பது அதன் பெயர். டெஸ்டமென்ட் என்பது அவர்களுடைய குழுவின் பெயர்.

இலக்கியப் பகுதியிலே இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே நெடுங்காலம் தமிழ் படிப்பித்தவன் நான். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பிள்ளைகளுக்கு விளக்கிய வாயால் 'திராஷ் மெட்டல்' என்னும் சொல்லை உச்சரிக்க வேண்டி வருமென்று நானும் எதிர்பார்த்ததில்லை. கொண்டுவந்து சேர்த்தவன் என் பழைய மாணவன் ஒருவன். கொழும்பிலே ஒரு கடையில் வேலை செய்கிறான். மாதத்தில் ஒருமுறை அவிசாவளை வழியாக பஸ் பிடித்து லயத்துக்கு வருவான். வந்தால் என் வீட்டிலும் கால் வைக்காமற் போகமாட்டான். அப்படி வந்த ஒரு நாள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சேர், இத ஒருக்கா கேளுங்க. நம்ம காமன் பொட்டல்ல அடிச்ச மாதிரியே இருக்கு" என்றான்.

அவன் சொன்னது விளையாட்டுப் பேச்சன்று. அதிலே ஓர் இசையுண்மை இருக்கிறது.

நம் முன்னோர் இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வகுத்தனர். கிதார் நரம்புக்கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் திராஷ் இசைக்காரர் அதனைத் தோற்கருவியாக்கி விடுகின்றனர். எவ்வாறெனில், வலக்கை உள்ளங்கையின் விளிம்பைக் குதிரைக்கு அருகில் நரம்புகளின் மீது இலேசாகப் பதித்துக்கொண்டே மீட்டுகின்றனர். நரம்பின் ரீங்காரம் அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. எஞ்சுவது அடி ஒன்றுதான். அந்த அடியை மின்சாரத்தால் பெருக்கி, நிமிடத்திற்கு 180, 200 என்ற கணக்கிலே, பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் வெட்டிக்கொண்டு போகின்றனர். அதனோடு மேளக்காரர் இரண்டு கால்களாலும் இரண்டு மிதிகளை மாறி மாறி மிதித்துப் பெருமேளத்தை அதிரச் செய்கிறார். கேட்பவர் நெஞ்சுக்கூட்டில் அந்த அதிர்வு முதலில் விழுகிறது; காதுக்குப் பிறகுதான் வருகிறது. தப்புக்கு அருகில் நின்றவர்களுக்கு இது புதிய அநுபவமன்று.

வேற்றுமையும் இல்லாமலில்லை. தப்பின் அடிகளுக்கிடையே ஒரு தளர்ச்சி, ஓர் அசைவு, ஆடுகின்ற காலுக்கு இடம் விடுகின்ற ஒரு பெருந்தன்மை உண்டு. திராஷ் இசையோ இறுக்கிக் கட்டிய கயிறு. அதற்கு மூச்சு விட நேரமில்லை. இரண்டும் ஒன்றே என்று சாதிக்க வருபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆயினும் கேட்டவுடன் ஒன்றை மற்றொன்றால் அடையாளம் கண்டுகொண்ட அந்தப் பையனின் செவி நல்ல செவி.

இவ்விசையின் வரலாறு மிகப் பழையதன்று. 1980களின் தொடக்கத்தில் சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சூழ்ந்த ஊர்களிலே, பெரும்பாலும் இருபது வயதுக்குட்பட்ட இளைஞர்களால் இது உருவாக்கப்பட்டது. பிரிட்டனிலிருந்து வந்த கன உலோக இசையின் கிதார் வித்தையையும், பங்க் எனப்படும் தெருமுனை இசையின் வேகத்தையும் கோபத்தையும் ஒன்றாகக் குழைத்தனர். மெட்டாலிக்கா குழுவின் முதல் இசைத்தட்டு 1983இல் வந்தது. எக்ஸோடஸ் குழுவினுடையது 1985இல் வந்தது. டெத் ஏஞ்சல் என்னும் குழுவினர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த உறவுமுறைச் சகோதரர்கள். 1987இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது மேளம் அடித்தவன் பதினைந்து வயதைக் கூட எட்டாத சிறுவன். 'வம்சாவளி' என்ற சொல் நம் காதில் விழும்போது நமக்கு ஒரு தனி உறுத்தல் உண்டல்லவா? அவர்களுக்கு அதனால் மேடை மறுக்கப்படவில்லை என்பதைக் குறித்துக் கொண்டு மேலே செல்வோம்.

டெஸ்டமென்ட் 1983இல் பெர்க்லி நகரில் 'லெகசி' என்ற பெயருடன் தொடங்கியது. அப்பெயரை வேறொரு ஜாஸ் குழு முன்னமே வைத்திருந்தமையால் பெயரை மாற்ற நேர்ந்தது. முதற் பாடகர் ஸ்டீவ் சூசா எக்ஸோடஸுக்குப் போய்விடவே, அவ்விடத்துக்கு சக் பில்லி வந்தார். ஆஜானுபாகுவான மனிதர், குரலும் உடம்புக்கு ஏற்ற குரல். 1987இல் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. அதற்கு விட்டுப் போன பழைய பெயரையே சூட்டினர். அடுத்த ஐந்தாண்டுகளில் மேலும் நான்கு வெளிவந்தன. குழுவின் அணிகலனாக விளங்கியவர் அலெக்ஸ் ஸ்கோல்னிக் என்னும் கிதார் கலைஞர். பள்ளி மாணவனாய் இருக்கும்போதே குழுவில் சேர்ந்தவர். வேகத்தின் நடுவே நின்று நிதானமாக ஒரு மெட்டைப் பாட வைக்கும் வித்தை அவருடைய விரல்களுக்கு இருந்தது.

பின்பு காற்று மாறிற்று. 1991க்குப் பிறகு சியாட்டில் நகரத்து இசை அமெரிக்காவெங்கும் பரவியது. திராஷ் இசை பழங்கதை என்று ஒதுக்கப்பட்டது. மெட்டாலிக்காவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பெருங்கூட்டத்தைத் தேடிப் போயிற்று. ஸ்கோல்னிக் குழுவை விட்டு விலகி நியூ யோர்க் சென்று ஜாஸ் இசையை முறைப்படி பயின்று பட்டமும் பெற்றார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்தனர். சக் பில்லியும் எரிக் பீட்டர்சன் என்ற கிதார் கலைஞரும் மாத்திரமே எஞ்சி, வருவோர் போவோரைச் சேர்த்துக்கொண்டு வண்டியை இழுத்தனர்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு இசைத்தட்டைப் பற்றி எழுதியவர்களிற் பலர் அதனை 'மீள்வரவு' என்று கொண்டாடினர். தமிழ்நாட்டு லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து நின்று, மன்மதன் உண்மையில் எரிந்தானா இல்லையா என விடிய விடிய வாதாடுவார்கள் அல்லவா? டெஸ்டமென்ட் விஷயத்தில் நான் எரியாத கட்சி. 1999இல் அவர்கள் வெளியிட்ட 'த கேதரிங்' என்னும் இசைத்தட்டு எவ்வகையிலும் சோடை போனதன்று. ஆகவே இசை செத்து மீண்டதாகச் சொல்வது பொருந்தாது. சாவின் வாசலுக்குப் போய் மீண்டவர் பாடகர். பிரிந்து போய் மீண்டவர்கள் தோழர்கள்.

அந்த மீட்சி படிப்படியாக நிகழ்ந்தது. நோய்ச் செய்தி வந்தபோதே ஸ்கோல்னிக் திரும்பிப் பார்த்தார். 2001இல் பழைய பாடல்களைப் புதிதாய்ப் பதிவு செய்தபோது வந்து வாசித்தார். 2005இல் ஆதிக் குழுவினர் ஒன்றுகூடி ஐரோப்பாவிற் கச்சேரிகள் செய்தனர். பிறகுதான் புதிய பாடல்கள். 2008 ஏப்ரிலில் வெளியான அவ்விசைத்தட்டு, ஒன்பதாண்டு இடைவெளிக்குப் பின் வந்த அவர்களுடைய முதற் புதுப் படைப்பு. மேளத்துக்கு ஸ்லேயர் குழுவில் இருந்த போல் பொஸ்டாஃப் அமர்ந்தார். பில்போர்ட் என்ற அமெரிக்கப் பட்டியலில் அது 59ஆம் இடத்தில் நுழைந்தது. சினிமாப் பாட்டின் கணக்கிலே இது பெரிய இடமன்று. இவ்வகை இசைக்குப் பெரிய இடமே.

நான் அதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பதினொரு உருப்படிகள். தொடக்கத்திலே சொற்களற்ற ஒரு சிறு வாசிப்பு. மழைக்கு முன் யட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைகளில் இருட்டிக்கொண்டு வருமே, அதைப் போன்றது. அடுத்த பாட்டிலே மழை கொட்டுகிறது. சக் பில்லியின் குரலே இத்தட்டின் உயிர். முன்பு இளமையில் அவர் தொண்டையின் மேற்புறத்திலிருந்து பாடினார். தொண்ணூறுகளின் நடுவில் அடிவயிற்றிலிருந்து உறுமக் கற்றார். இங்கு இரண்டும் கலந்திருக்கின்றன. தலைப்புப் பாடலிலே உறுமல் மேலோங்கியிருக்கிறது. வேறு சில பாடல்களிலே சொல் தெளிவாக, வசனம் பேசும் கூத்துக்காரரின் கம்பீரத்தோடு விழுகிறது. நெஞ்சறையிற் கட்டி வளர்ந்து, மருந்தினால் தலைமயிரெல்லாம் உதிர்ந்து கிடந்த ஒருவருடைய மூச்சு இது என்பதை அறிந்து கேட்டால் அந்த வசனத்துக்கு வேறொரு கனம் சேர்கிறது. அறியாமற் கேட்டாலும் குரல் நிற்கும்.

ஸ்கோல்னிக்கின் வாசிப்பில் ஜாஸ் படிப்பின் பயன் தெரிகிறது. வேகத்தைக் காட்டிலும் இடைவெளியை அவர் மதிக்கிறார். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை அது. குறையும் உண்டு. பிற்பகுதியிலே இரண்டொரு பாடல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. சொற்களிலே அழிவும் சாபமும் அளவுக்கு மீறி மலிந்து கிடக்கின்றன. 2001 செப்டெம்பர் 11ஆந் திகதித் தாக்குதலைப் பற்றிய பாடல், அந்நாளில் அந்நாட்டார் கொண்ட கோபத்தைத் தாண்டி எதையும் சொல்லவில்லை. நூறு முறை கேட்டாலும் தித்திக்கும் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் பழைய புகழை விற்றுப் பிழைக்கும் முதியவர்களின் சலிப்பு இதிலே கிடையாது. பழைய பெருங்காயப் பாண்டத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லும் கலைஞர்களை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். இவர்கள் புதிதாய்ச் சமைத்திருக்கின்றனர்.

இத்தட்டில் உள்ள ஒரு பாடலின் தலைப்பைத் தமிழாக்கினால், 'துன்புறுத்தப்பட்டோர் மறவார்' என்று வரும். என் மாணவன் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறானாம். சக் பில்லியின் பிறப்பை அறிந்தால் அத்தலைப்பு சும்மா விழுந்ததன்று என்று தோன்றும். அவருடைய தந்தை போமோ என்னும் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். தாயார் மெக்ஸிக்கோ வழியினர்.

போமோ மக்கள் வட கலிபோர்னியாவின் பழங்குடியினர். கூடை முடைவதிலே உலகப் புகழ் பெற்றவர்கள். தண்ணீர் ஒழுகாதபடி நெருக்கிப் பின்னிய கூடைகளும், பறவையிறகு பதித்த கூடைகளும் இன்று பெரிய நூதனசாலைகளிலே கண்ணாடிக்குள் இருக்கின்றன. அந்தக் கைகளைக் குடியேற்றக்காரர் அடிமை வேலைக்கு அமர்த்தினர். பட்டினியும் சவுக்கடியும் தாளாமல் 1849இல் சிலர் திருப்பி அடித்து இரு எசமானரைக் கொன்றனர். அதற்குப் பழிவாங்க வந்த அமெரிக்கப் படை 1850 மே 15ஆந் திகதி, கிளியர் லேக் என்னும் ஏரியின் தீவொன்றிலே இருந்த போமோ மக்களைப் பெண்களென்றும் குழந்தைகளென்றும் பாராமற் கொன்று குவித்தது. அந்தத் தீவுக்கு இரத்தத் தீவு என்று பெயர் வந்தது. அதே ஆண்டில் கலிபோர்னியா அரசு இயற்றிய சட்டமொன்று ஆதிக்குடிப் பிள்ளைகளை வேலைக்கெனக் கட்டிப் போடுவதற்கு வழி செய்தது. சட்டத்தின் பெயரிலே 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நூற்றாண்டு கழிந்து 1958இல் இன்னொரு சட்டம் வந்தது. கலிபோர்னியாவில் 'ரஞ்சேரியா' என வழங்கிய 41 சிறு குடியிருப்புகளின் சட்ட அந்தஸ்தை முடித்துவிடுவது அதன் நோக்கம். நீங்கள் இனித் தனிக்குடி அல்லர், உங்கள் நிலமும் இனிப் பொது நிலமன்று என்று சொல்லப்பட்டது. டில்லி ஹார்ட்விக் என்ற போமோப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1983இலே 17 குடியிருப்புகளுக்கு இழந்த அந்தஸ்து மீண்டது. அவ்வாண்டில்தான், அதே கலிபோர்னியாவில், டெஸ்டமென்ட் குழுவும் பிறந்தது. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க நான் முயலவில்லை. ஆண்டு ஒத்திருப்பது நெஞ்சில் தைத்தது, சொன்னேன்.

நம் கதையை ஒப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இளைய மாணவர்களின் பொருட்டு ஆண்டுகளையாவது அடுக்கி வைக்கிறேன். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தது. எஞ்சிய நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. சப்ரகமுவையைப் பொறுத்தவரை இன்னுமொன்று உண்டு. நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் திரண்டு வாழவில்லை. இறப்பர்க் காடுகளுக்கும் தேயிலைக்கும் நடுவே, சிங்களக் கிராமங்கள் சூழ, இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடக்கிறோம். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் அடிபட்டோம். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பட்ட பாடு பெரிது. அடி வாங்கிய ஒவ்வொரு முறையும் சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். பெயர்ந்தவர்களோடு கூத்தும் பெயர்ந்தது. தப்பும் பெயர்ந்தது.

தப்பைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தேன்.

தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, மரம் என்று கருப்பொருள்களை எண்ணியபோது பறையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பறையில்லாத நிலமே அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அந்தப் பறையின் மலைநாட்டுப் பிள்ளை தப்பு. மரவளையத்திலே கன்றுத்தோலைப் போர்த்து, நெருப்பிலே காய்ச்சி, மெல்லிய குச்சி ஒன்றாலும் தடித்த குச்சி ஒன்றாலும் அடிப்பார்கள். பொழுது விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் ஒரு காலத்தில் இத்தப்பே. எனவே வெள்ளைக்காரத் துரைக்கும் அது ஊழியஞ் செய்தது. இரவிலே காமன் பொட்டலில் அதே துரையை மறக்கவும் செய்தது. பிறப்புக்கு ஓர் அடி, இறப்புக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. மாசி மாதத்திலே கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் ஆடி, சிவனார் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்து, ரதி புலம்பி, மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழும் வரைக்கும் அக்கதையை நடத்திக்கொண்டு போவது தப்பின் அடியே.

என் மாணவனுடைய தகப்பனார் தப்புக்காரர். பகலிலே இறப்பர்ப் பால் வெட்டுபவர். அவர் காதிலும் பையன் இந்த இசையை ஏற்றிப் பார்த்திருக்கிறான். முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "அடிக்கிறவன் கெட்டிக்காரன்தான். ஆனா தோல காய்ச்சல" என்றாராம். பத்திரிகைகளில் நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இதற்கு ஈடான ஒரு வாக்கியம் இல்லை.

பையனுக்கு ஓர் ஆசை. அவர்கள் தோட்டத்திலே காமன் கூத்து நின்று ஏழெட்டு வருடமாகிறது. வருகிற மாசியில் அதை மறுபடி நடத்த வேண்டும், தானும் தகப்பனாரோடு நின்று தப்பு அடிக்க வேண்டும் என்கிறான். "இவ்வளவு வருசம் கழிச்சு அவங்க திரும்பி வரலையா சேர்? நாங்க வந்தா என்ன?" என்று கேட்கிறான். தகப்பனார் மறுத்துவிட்டார். என்னைச் சமாதானம் பேச அழைத்துப் போனான். லயத்து இஸ்தோப்பில் அமர்ந்தோம். மகனைப் பார்த்து அவர் சொன்னது இது: "வேணாம்டா. இந்தக் குச்சி ஒங்கைக்கு வரக் கூடாதுன்னுதான் நான் பால் வாளியத் தூக்கினேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்குத் தெரியாததா சேர்? எழவு வீட்ல ராத்திரி முழுக்க அடிச்சவனுக்கு வாசலுக்கு வெளியதானே சாராயம் ஊத்துனாங்க" என்றார்.

நான் பேசாதிருந்தேன். பேசுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? சக் பில்லி தம் குலத்தை மேடையில் நின்று உரைக்கிறார். தம் முன்னோரின் இரத்தத்தைப் பெயராகக் கொண்ட பாடலொன்றை 2012இல் வெளியிட்டார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கின்றனர். அவர் குலத்தை இழிவு செய்தவர் அயலார். தப்புக்காரரை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாமே. துரையின் கையால் ஒரே சவுக்கடியை வாங்கிக்கொண்டு, ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராவில் கிடந்துகொண்டே, சாதியையும் பேணினோம். கூத்து அழிகிறதே, கலை அழிகிறதே என்று இப்பகுதிகளிலே கண்ணீர் வடித்து எழுதும் அன்பர்கள் இதனை எழுதுவதில்லை. அந்தத் தகப்பன் தன் கலையை வெறுப்பவரல்லர். கலையோடு கூடவே மகன் தலையில் ஏறும் மற்றொன்றைத்தான் அவர் வெறுக்கிறார். அதை வேறாக்கித் தர நம்மால் இயலுமாயின், குச்சியை அவரே எடுத்துக் கொடுப்பார்.

இயலாத காரியமுமன்று. தமிழ்நாட்டிலே திண்டுக்கல்லைச் சேர்ந்த சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தங்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஊரூராக ஆடிக் காட்டினர். மதுரை வேலு ஆசான் என்னும் பறைக் கலைஞருக்கு 2025இல் இந்திய அரசு பத்மஶ்ரீ விருதளித்தது. விருதினால் வாசல் திறந்துவிடும் என்று நம்பும் வயது எனக்குக் கடந்துவிட்டது. ஆயினும் பறையடிப்பதற்கு இன்று அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து பயில்கிறார்கள் என்பது கண்கூடு. இங்கும் 2023இல், நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பலதரத்தாரும் கால்நடையாய் நடந்தனர். முன்னோர் செத்து விழுந்த வழியிலே பேரர்கள் நடந்தார்கள். அந்த நடையிலே சாதி கேட்டவர் யாருமிருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அன்றைக்கு லயத்திலே நான் ஒன்றைக் கேட்டேன். தப்பு அடிப்பவர் மற்றவர்கள், மகன் மட்டுமல்லன் என்றால் சம்மதிப்பீர்களா? பால்வெட்டுக்காரர் மகனும், கணக்கப்பிள்ளை மகனும், கோயில் தலைவர் மகனும் ஒரு வரிசையில் நின்று உங்களிடம் பயின்றால்? அவர் சிரித்தார். "கோயில் தலைவர் மகனா? வந்தா பாப்போம் சேர்" என்றார்.

கோயில் தலைவரிடம் நான் போயிருந்தேன். அவரும் என் மாணவரே. யோசித்துச் சொல்கிறேன் என்றார்; அவருடைய மகன் யோசிக்கவில்லை, திண்ணையிலிருந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டான். அவனும் கைப்பேசியில் இந்த இசையைக் கேட்பவன்தானாம். கொழும்பிலே ஸ்டிக்மாட்டா என்ற குழு 2003ஆம் ஆண்டிலேயே இவ்வகைப் பாடல்களைத் தட்டாக வெளியிட்டிருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவன் அவனே. மேலும் இரண்டு மாணவிகள், சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன் தாங்களும் பழக வரலாமா என்று என்னிடம் கேட்டிருக்கின்றனர். அதைத் தப்புக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

மாசி பிறக்க நான்கு மாதம் இருக்கிறது. தோட்டத்தில் உள்ளவை இரண்டே தப்பு. ஒன்றின் தோல் கிழிந்து கிடக்கிறது. புதுத் தோல் போர்த்துக் கொடுக்கும் ஆள் தெரணியகலைப் பக்கம் இருப்பதாக ஒருவர் சொல்ல, பையன் அடுத்த போயா விடுமுறைக்கு அங்கே போய் விசாரிக்கப் போகிறான்.